ஈரலில் கட்டி என்றால் எல்லாம் ஒரே கட்டி அல்ல



சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. பெரட்டு முடிந்து எல்லாரும் வேலைக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். செம்பனைக் குலை வெட்டும் ஒரு தம்பி மட்டும் மருந்தக வாசலில் வந்து நின்றார். தமிழ்நாட்டில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். வயது முப்பது இருக்கும். நல்ல உழைப்பாளி.

"டிரசரையா, வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழ ஒரு பாரம் மாதிரி இருக்குங்க. கோலைத் தூக்கி வெட்டும்போது இழுக்குது. காய்ச்சல் இல்ல, வாந்தி இல்ல" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். ஈரல் கொஞ்சம் கீழே இறங்கியிருப்பது கைக்குத் தெரிந்தது. கடிதம் எழுதி ஸ்கேன் எடுக்க அனுப்பி வைத்தேன். ஈரலின் வலது பகுதியில் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நீர்க்கட்டி என்று பதில் வந்தது. நாடாப்புழுவால் உண்டான கட்டியாக இருக்கலாம் என்றும் அதில் குறித்திருந்தார்கள்.

அன்று மாலையே லயத்தில் செய்தி பரவிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடி, ஒரு மண்டலத்துல கரைஞ்சிடும்" என்றார். இன்னொருவர், "ஆபரேஷன்தான். வயித்தக் கிழிச்சா ஆறு மாசம் எந்திரிக்க முடியாது" என்று பயமுறுத்தினார். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், "எனக்கும் வாலிப வயசுல ஈரல்ல கட்டி வந்துச்சு. ஊசி குத்தி சாக்லேட் கலர்ல சீழ் எடுத்தாங்க. ஒரே வாரத்துல சரியாப் போச்சு. நீயும் ஏதாச்சும் ஒரு கிளினிக்ல ஊசி போட்டுத் தண்ணிய எடுத்துட்டு வேலைக்குப் போ" என்றார்.

மறுநாள் காலை அந்தத் தம்பி திரும்ப வந்தார். "யாரு சொல்றதைய்யா கேக்கறது? எனக்குப் பேசாம ஊருக்கே போயிடலாம்னு இருக்கு" என்றார்.

இதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுத நினைத்தேன். அந்தப் பெரியவர் சொன்னது பொய்யில்லை. அவருக்கு ஊசி நல்லதைத்தான் செய்தது. ஆனால் அதே ஊசியை, தகுந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் இந்தத் தம்பிக்குப் போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். இருவருக்கும் கட்டி ஈரலில்தான் வந்தது, ஆனால் அவை இரண்டும் வேறு வேறு கட்டிகள். எந்தக் கட்டி, எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவதற்கு முன் யாரும் வைத்தியம் சொல்லக் கூடாது. நாமும் கேட்கக் கூடாது. என் கருத்து இதுதான்.

பெரியவருக்கு வந்த கட்டி

மலாயாத் தோட்டங்களின் பழைய நாட்களில் மலேரியாவோடு சேர்ந்து நம்மவர்களை வாரிக்கொண்டு போனது வயிற்றுக்கடுப்பு. வாய்க்கால் தண்ணீரைக் குடித்து, கக்கூஸ் இல்லாமல் வாழ்ந்த காலம் அது. அந்த வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்று அமீபா. மலம் கலந்த தண்ணீராலும், கழுவாத கையாலும், ஈ மொய்த்த பண்டத்தாலும் இது வயிற்றுக்குள் போகிறது. சிலருக்குக் குடலிலிருந்து இரத்தத்தின் வழியாக ஈரலுக்குச் சென்று அங்கே சதையை அழித்துச் சீழ்க்கட்டி ஆகிறது. கட்டி வரும் நேரத்தில் வயிற்றுப்போக்கு இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பெண்களைவிட வாலிப, நடுத்தர வயது ஆண்களையே இது பல மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது.

அடையாளம் என்ன? காய்ச்சல், குளிர், வியர்வை, வலது விலாவில் குத்தும் வலி. சில பேருக்கு வலி வலது தோள்பட்டை வரைக்கும் ஏறும். ஓரிரு வாரத்தில் ஆளை உருக்கிவிடும். ஒரு காலத்தில் இதற்கு எமட்டின் என்ற ஊசி போடுவார்கள். அது இருதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. 1966-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர டாக்டர்கள் மெட்ரோனிடசோல் என்ற மாத்திரை இந்தக் கட்டியைக் குணப்படுத்துவதை எடுத்துக்காட்டினார்கள். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் தமிழர்கள் குடியேறிய அதே டர்பன்தான். அன்றிலிருந்து அமீபாக் கட்டிக்கு முதல் மருந்து இந்த மாத்திரையே. பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, உடையும் நிலையில் இருந்தாலோ, மருந்துக்கு அடங்காவிட்டாலோதான் ஊசி போட்டுச் சீழை எடுப்பார்கள்.

இரண்டு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தாதீர்கள். மெட்ரோனிடசோல் முடிந்தபின் குடலில் மிச்சமிருக்கும் அமீபாவை ஒழிக்க வேறொரு மாத்திரை தருவார்கள், அதையும் முடிக்க வேண்டும். இரண்டாவது, மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களிலும் அதை நிறுத்திய பிறகு மூன்று நாட்களுக்கும் கள், சம்சு, பீர் எதையும் தொடாதீர்கள். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கும்.

தம்பிக்கு வந்த கட்டி

இது வேறு கதை. இதை உண்டாக்குவது நாயின் குடலில் வாழும் சின்னஞ்சிறு நாடாப்புழு. அதன் முழு நீளமே ஒரு அரிசியளவுதான். அதன் முட்டைகள் நாயின் மலத்தில் வெளியே வருகின்றன. ஆடு மாடுகள் புல்லோடு சேர்த்து அவற்றைத் தின்கின்றன. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் அவை நீர்க்கட்டிகளாக வளர்கின்றன. அந்த ஆட்டை வெட்டி, கட்டி இருக்கும் ஈரலை நாய்க்குப் போட்டால் நாய்க்குள் மறுபடி புழு உண்டாகிறது. நாய்க்கும் ஆட்டுக்கும் நடுவே ஓடும் சக்கரம் இது. மனிதன் இதில் தற்செயலாக மாட்டிக்கொள்கிறான். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சாப்பிடும்போதும், நாய் அசுத்தம் செய்த இடத்துக் கீரையைக் கழுவாமல் தின்னும்போதும் முட்டை வயிற்றுக்குள் போய்விடுகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். ஆட்டு ஈரல் சாப்பிட்டதால் இது வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கறியாலோ ஈரலாலோ மனிதனுக்கு இது வருவதில்லை. நாயின் மலத்திலிருக்கும் முட்டையால்தான் வருகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதும் இல்லை. பாத்திரத்தைப் பிரித்து வைக்க வேண்டியதில்லை, பக்கத்தில் படுக்கப் பயப்பட வேண்டியதில்லை. அந்தத் தம்பியோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் இரண்டு நாள் அவர் குடித்த கோப்பையைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டு நானே போய் அந்தக் கோப்பையில் தேத்தண்ணீர் குடித்துக் காட்டினேன்.

ஹைடாடிட் என்று டாக்டர்கள் சொல்லும் இந்தக் கட்டி நம் மலேசியாவில் அரிது. இந்தியாவில் தமிழ்நாடு, ஆந்திரா, காஷ்மீர் ஆகிய இடங்களில் காணப்படுகிறது. நேப்பாளத்திலும் உண்டு. ஆடு வளர்க்கும் நாடுகள் பலவற்றிலும் உண்டு. இன்று நம் தோட்டங்களில் யார் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்! ஆகவே நம் மருந்தகத்துக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

இந்தக் கட்டிக்கு அவசரம் கிடையாது. வருஷத்துக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரைதான் வளரும். சின்ன வயதில் ஊரில் நாயோடு விளையாடியபோது புகுந்த முட்டை, முப்பது வயதில் பினாங்கில் வலியாகத் தெரியலாம். பத்துப் பேரில் ஏழு பேருக்கு ஈரலிலும், இரண்டு பேருக்கு நுரையீரலிலும் வருகிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு நடத்தும் போமெமா பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு, வயிற்று ஸ்கேன் கிடையாது. ஆகவே "பரிசோதனையில பாஸ் ஆயிட்டேனே" என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை.

ஊசி ஏன் ஆபத்து?

பெரியவரின் கட்டியில் இருந்தது செத்துப்போன சதையும் சீழும். தம்பியின் கட்டியில் இருப்பது தெளிந்த நீர். அந்த நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுத்தலைகள் ஆயிரக்கணக்கில் மிதக்கின்றன. கட்டி உடைந்து நீர் வயிற்றுக்குள் கசிந்தால் இரண்டு கேடு. ஒன்று, உடம்பு அந்த நீரைத் தாங்காமல், உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்து, இரத்த அழுத்தம் விழுந்து சில நிமிஷங்களில் ஆள் சாய்ந்துவிடலாம். இன்னொன்று, சிந்திய ஒவ்வொரு தலையும் புதிய கட்டியாக முளைக்கலாம். ஒரு கட்டியோடு போனவர் சில வருஷத்தில் வயிறு நிறையக் கட்டியோடு திரும்புவார்.

ஆகவேதான் சொல்கிறேன். ஆடு வளர்த்த ஊரிலிருந்து வந்தவர், காய்ச்சல் இல்லை, ஸ்கேனில் நீர்க்கட்டி என்றால் அது இன்னது என்று முடிவாகும் வரை அதில் ஊசி படக்கூடாது. அந்த முடிவைச் சொல்ல முக்கியமாக உதவுவது ஸ்கேன். இரத்தச் சோதனையும் உண்டு. ஆனால் கட்டி இருந்தும் இரத்தத்தில் தெரியாமல் போவது உண்டு. அந்த ஒரு காகிதத்தை நம்பி "ஒண்ணுமில்ல" என்று இருந்துவிடக் கூடாது.

நாலு வழி

இந்தக் கட்டியை ஸ்கேனில் பார்த்து வகை பிரிக்கும் முறையை 1981-இல் துனிசியா நாட்டு டாக்டர்கள் வெளியிட்டார்கள். பிறகு உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2003-இல் எல்லா நாட்டுக்கும் பொதுவான வகைப் பட்டியலை வெளியிட்டார்கள். கட்டிக்கும் வயது உண்டு. முதலில் ஒரே அறையாக நீர் நிறைந்திருக்கும். பிறகு உள்தோல் கழன்று நீரில் மிதக்கலாம். அல்லது தாய்க்கட்டிக்குள் குட்டிக் கட்டிகள் தோன்றலாம். கடைசியில் நீர் வற்றிக் கெட்டியாகி, சுண்ணாம்பு படிந்து செத்துப்போகும். இந்த நிலைக்குத் தகுந்தபடி வைத்தியம் நாலு வகை.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் கவனித்து வருவது. கேட்டால் சிரிப்பாக இருக்கும். ஆனால் கட்டி செத்து, சுண்ணாம்பு படிந்து, தொந்தரவு தராமல் இருந்தால் அதை வெட்டி எடுப்பதில் இலாபம் இல்லை. பல வருஷங்களுக்கு, ஆரம்பத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தரமும் பிறகு வருஷத்துக்கு ஒரு தரமும் என ஸ்கேன் எடுத்து, அது உயிர் பெறவில்லை என்று உறுதி செய்துகொண்டால் போதும். இப்படிப்பட்ட கட்டியை எடுக்க வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரைக் கேளுங்கள்.

இரண்டாவது வழி, மாத்திரை. 1970-களில் மெபெண்டசோல் கொடுத்துப் பார்த்தார்கள். 1980-களில் அதைவிட நன்றாக இரத்தத்தில் சேரும் அல்பெண்டசோல் வந்தது. நம் பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சிக்கு ஒரே ஒரு மாத்திரை கொடுக்கிறோமே, அதே மருந்துதான். ஆனால் இங்கே பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் மாத்திரை தினம் இரண்டு வேளை, மூன்று முதல் ஆறு மாதம் வரை. ஒரே அறையாக, 5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கும் கட்டிக்கு மாத்திரை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். இதைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. தேங்காய்ப்பால் கறியோ நாசி லெமாக்கோ சாப்பிடும் நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வேறு எந்த வியாதிக்கும் நான் இப்படிச் சொல்வதில்லை, இதற்கு மட்டும் சொல்கிறேன்.

அதற்காகக் கடையில் வாங்கித் தானாகவே சாப்பிடக் கூடாது. மாதக்கணக்கில் சாப்பிடும்போது இந்த மருந்து ஈரலைச் சுடலாம், இரத்தத்தின் வெள்ளையணுக்களைக் குறைக்கலாம், முடி கொட்டலாம். ஆரம்பத்தில் அடிக்கடியும் பிறகு மாதாமாதமும் இரத்தம் சோதிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. மருந்து சாப்பிடும் காலத்தில் பெண்கள் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, ஊசி. ஆமாம், நான் வேண்டாம் என்று சொன்ன அதே ஊசி! 1980-களின் நடுவில் இதையும் துனிசியா டாக்டர்களே வகுத்தார்கள். நோயாளிக்கு முன்கூட்டியே அல்பெண்டசோல் கொடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, ஈரல் சதையின் ஊடாக மெல்லிய ஊசியைச் செலுத்தி நீரை உறிஞ்சுவார்கள். அதில் பித்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பித்தம் இல்லை என்றால்தான் அடுத்த படி. புழுத்தலைகளைக் கொல்லும் கடும் உப்புநீரையோ ஆல்கஹாலையோ கட்டிக்குள் செலுத்திக் கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி உறிஞ்சிவிடுவார்கள். மயக்க மருந்து டாக்டரும் உயிர் காக்கும் மருந்துகளும் பக்கத்திலேயே தயாராக இருக்கும். பிறகும் ஒரு மாதம் மாத்திரை. ஒரே அறையாகவோ, உள்தோல் கழன்றோ, 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருக்கும் கட்டிக்கு இது நல்ல முறை. நம் தம்பிக்கு ஜோர்ஜ்டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் செய்தது இதுதான். அங்கே அவருக்குச் செய்ததும் அந்தப் பெரியவர் போகச் சொன்ன சாதாரண ஊசியும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலத் தெரியும். மருந்துக் காப்பும், ஸ்கேனும், பக்கத்தில் நிற்கும் டாக்டர்களும் இருந்ததால்தான் அவர் பிழைத்தார்.

நாலாவது வழி, ஆபரேஷன். உள்ளே குட்டிக் கட்டிகள் நிறைந்தது, மிகப் பெரியது, உடையும் நிலையில் மேற்பரப்பில் நிற்பது, பித்தக் குழாயில் திறந்து மஞ்சள் காமாலை தருவது, சீழ் பிடித்தது ஆகியவற்றுக்குக் கத்திதான் வழி. இங்கும் முன்னும் பின்னும் அல்பெண்டசோல் உண்டு. ஈரல் ஆபரேஷனில் பழக்கப்பட்ட டாக்டர்கள் இருக்கும் இடத்தில் செய்துகொள்வது உத்தமம். அப்படிப்பட்டவர்கள் நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்கள். சிலாங்கூரில் உள்ள செலாயாங் ஆஸ்பத்திரி ஈரல் ஆபரேஷனுக்குப் பெயர் பெற்றது. கத்தி என்றதும் பயந்து ஊருக்கு ஓட வேண்டியதில்லை.

கீழாநெல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பாட்டிமார் காமாலைக்குக் கொடுத்த மூலிகை, நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் தடித்த சுவருள்ள புழுக்கட்டியை அது கரைப்பதில்லை. அல்பெண்டசோல் சாப்பிடும்போது அதோடு சேர்த்து வேறு மருந்து குடித்தால், ஈரல் கெட்டது எதனால் என்று டாக்டருக்கே தெரியாமல் போகும். குடித்தால் குடித்தேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இந்த இரண்டைத் தவிர வேறு கட்டிகளும் உண்டு. பிறவியிலேயே அல்லது வயதாக ஆக வரும் சாதாரண நீர்க்கட்டிகள் பலருக்கு இருக்கின்றன, பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கிருமியால் சீழ்க்கட்டி வரலாம். மண்ணிலும் சேற்றிலும் இருக்கும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோயும் ஈரலில் கட்டி வைக்கும், வெறுங்காலோடு வேலை செய்யும் நாம் இதை மறக்கக் கூடாது. காய்ச்சலோடு ஈரலில் வலி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

டாக்டரிடம் கேட்க நாலு கேள்வி

கூச்சப்படாமல் கேளுங்கள். நமக்குக் கேட்க உரிமை உண்டு. ஒன்று: "ஐயா, இது எந்தக் கட்டி? புழுவா, அமீபாவா, சாதாரண நீரா?" இரண்டு: "இது எந்த நிலையில் இருக்கு, எத்தனை சென்டிமீட்டர்?" மூன்று: "மாத்திரை, ஊசி, ஆபரேஷன், சும்மா பார்த்துக்கொள்வது, இதுல எனக்கு எது? ஏன்?" நாலு: "எத்தனை மாதம் வரணும், எப்போ எப்போ இரத்தம் கொடுக்கணும், ஸ்கேன் எடுக்கணும்?" பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் படத்தையும் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் போகிறவர்கள் அவற்றைக் கையோடு கொண்டு போக வேண்டும். கட்டி சில வருஷம் கழித்தும் திரும்பலாம். அங்குள்ள டாக்டருக்கு அந்தக் காகிதம்தான் வழிகாட்டி.

லீவு இல்லாத வைத்தியம்

இனி சொல்லப் போவதுதான் எனக்கு மனக்குறை. தம்பிக்கு ஊசி நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரத்தில் வேலைக்கு வந்தார். இரத்தம் கொடுக்கவும் ஸ்கேன் எடுக்கவும் கரை தாண்டி ஜோர்ஜ்டவுன் போய் வந்தால் ஒரு நாள் முழுதும் போய்விடுகிறது. ஒரு நாள் அவருடைய சம்பளச் சீட்டைப் பார்த்தேன். அந்த நாட்களை எல்லாம் வேலைக்கு வராத நாளாகப் போட்டிருந்தார்கள். "அடுத்த தரம் போகலங்கய்யா. வலிதான் இல்லையே" என்றார். அந்தப் பேச்சுதான் எனக்குக் கட்டியைவிடப் பயத்தைக் கொடுத்தது. மாத்திரையால் ஈரல் கெடுவதும், கட்டி மறுபடி முளைப்பதும் வலியில்லாமலேதான் நடக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் லீவு உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் அந்த லீவுக்கு மேல் தனிக் கணக்கு. வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இதே சட்டம்தான். ஆனால் டாக்டர் கொடுக்கும் எம்.சி. வேண்டும். வந்து போனதற்கு ஆஸ்பத்திரி கொடுக்கும் நேரச் சீட்டு மட்டும் இருந்தால் ஆபீசில் அதை லீவாக எடுக்காமல் போகலாம். தம்பிக்கு நடந்தது அதுதான். ஆகவே எம்.சி. கேட்டு வாங்குங்கள். லீவு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

நம் சங்கத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், நீண்ட நாள் வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரி குறித்துக் கொடுத்த நாட்களை, நேரச் சீட்டு இருந்தாலே சம்பளத்தோடு விட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். காசநோய், சர்க்கரை, சிறுநீரகம் என்று மாதாமாதம் ஓடுகிறவர்கள் எல்லாருக்கும் அது உதவும். அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்கள் 1 வெள்ளியும், ஸ்பெஷலிஸ்டுக்கு 5 வெள்ளியும் கட்டுகிறோம். வெளிநாட்டவருக்கோ பல மடங்கு. வேலைக்குச் சேரும்போதே ஆஸ்பத்திரிச் செலவுக் காப்புறுதி உண்டா என்று அவர்கள் கேட்க வேண்டும். அவர்களுக்குக் கேட்கத் தெரியாவிட்டால் நாம் கேட்டுச் சொல்ல வேண்டும். நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் இப்படி வந்தவர்கள்தானே!

கிடா வெட்டும் கோயிலில்

கடைசியாக, வராமல் தடுப்பது. தோட்டத்து முனியாண்டி கோயிலில் கிடா வெட்டுகிறோம். குடலையும் ஈரலையும் ஓரமாக எறிகிறோம், நாய்கள் இழுத்துக்கொண்டு போகின்றன. இங்கே இந்தப் புழு அரிதாக இருக்கும்போதே இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. வேண்டாத குடல், ஈரல், நுரையீரலை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். அல்லது நன்றாக வேகவைத்துப் போடுங்கள். வீட்டு நாய்க்குப் பிராசிகுவாண்டெல் என்ற பூச்சி மருந்தைக் கால்நடை டாக்டர் சொல்கிறபடி கொடுங்கள். நாயைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு காலத்தில் ஐஸ்லாந்து நாட்டில் இந்தக் கட்டி மிக அதிகம். 1864-இல் இதைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை வீடுதோறும் இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தச் சனங்கள் அதைப் படித்து, வெட்டிய ஆட்டின் உறுப்புகளை நாய்க்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். பிறகு அந்த நாட்டில் இந்த நோயே இல்லாமல் போயிற்று. நியூசிலாந்து 1959-இல் தனிச் சட்டமே போட்டுப் பாடுபட்டு, 2002-இல் தன் நாட்டில் இது ஒழிந்தது என்று அறிவித்தது.

அமீபாவுக்கு வழி சுத்தமான தண்ணீர். சட்டம் 446 என்று சொல்லப்படும் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாளர் வீடுகளுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை. குழாய் வறண்டால் தொழிற்சங்கக் கிளைச் செயலாளரிடம் அன்றே சொல்லுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

அந்தத் தம்பி இப்போது தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கிளைச் செயலாளர் ஆபீசில் பேசி, விடுபட்ட நாட்களில் பாதிக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்துவிட்டார். மீதிக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது. அந்தப் பெரியவர்தான் இப்போது அவரைக் காலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார்.